மிக்கேலுக்கு என்ன வேலை

நீ நிஜமாகவே தூங்குகிறாயா அமலி, இல்லை தூங்குகிற மாதிரி நடிக்கிறாயாடி? கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை மட்டும் ஆட்டுகிறாய். தூளியை ஒரு நிமிஷம் நிறுத்தினால் போதும், தண்ணீர் லாரி ஹாரன் மாதிரி ஒரு சத்தம் போடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நிறுத்த மாட்டேன். ஆட்டிக்கொண்டே இருப்பேன். வலது கை தூளியில், இடது கையில் பழைய காலண்டர் அட்டை விசிறி, வாயில் பூட்டு. உன் தூக்கம்தான் என் வாய்க்குப் பூட்டு இப்போது. திரைத்துணிக்கு அந்தப்பக்கம் முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்து உன் கொள்ளுத்தாத்தா பேரைக் கல்லறைக் கல்லில் போடலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் இங்கே ஆராரோ என்கிறேன். தகரக் கூரை வீடு, ரெண்டே அறை, எச்சில் விழுங்கினால்கூடக் கேட்கும். உன் அத்தை பவுலின் அண்ணி டம்ளரை வைக்கிற சத்தம், அவள் வீட்டுக்காரர் ஹென்றி அண்ணன் மிக்சர் மெல்லுகிற சத்தம், உன் அப்பா ரெஜிஸ் வேர்க்கடலையை உடைக்கிற சத்தம். உன் தாத்தாவிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், முழங்காலைத் தடவிக்கொண்டு. அவருடைய அப்பாவைப் பற்றித்தான் பேச்சு. பேசுகிறவர்கள் மற்றவர்கள். எனக்கு உள்ளே எரிகிறதுடி. ஆராரோ. ஊரில் எல்லோரும் என்ன சொல்வார்கள், ஜெபமாலை சிரித்த முகம், கோபப்படத் தெரியாது, எதைச் சொன்னாலும் ஹிஹி என்று பல்லைக் காட்டுவாள். ஆமாம், காட்டினேன். கல்யாணமாகி வந்த முதல் வாரம் குழாயடியில் ஒருத்தி என் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னாம்மா, திருடன் வீட்டு மருமகளா நீ?" என்றாள், அதற்கும் சிரித்தேன். ஏதோ கேலிப் பேர் போல, எங்கள் கிராமத்தில் இல்லாத பேரா, மூக்கன் வீடு, கோணவாயன் வீடு என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது அது கேலி இல்லை, விலாசம். தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டு வருகிறார். போன கிறிஸ்துமஸுக்குக் கடைசி வீட்டில் ஒரு வளையல் காணாமல் போனபோது முதலில் எந்தக் கதவைத் தட்டினார்கள்? சும்மா விளையாட்டுக்கு என்றார்கள். வளையல் அவர்கள் வீட்டு அரிசி டிரம்மிலேயே கிடைத்தது, அதற்கும் நான் சிரித்து காபி போட்டுக் கொடுத்தேன். அந்தக் காபியை இப்போது திருப்பிக் கேட்கலாம் போலிருக்கிறது.

கல்லறைத் திருநாள் வருகிறது, அதற்குத்தான் இந்த ஆர்ப்பாட்டம். வழக்கமாகச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி கொளுத்திவிட்டு வருவோம். இந்த வருஷம் பவுலின் அண்ணி பெங்களூருக்குப் போய்விட்டு ஒரு யோசனையோடு வந்தாள், குடும்பத்துக்கு ஒரே கறுப்புக் கல், அதில் செத்தவர்கள் பேர் எல்லாம், பேருக்குப் பக்கத்தில் அவர்கள் தங்கச் சுரங்கத்தில் பார்த்த வேலை. "பொன்னு வெட்டின குடும்பம்னு நாலு பேருக்குத் தெரியணும் இல்லே?" என்றாள். யோசனை நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்தும் அடக்கப் புத்தகத்திலிருந்தும் நகல்கள், கம்பெனிக் காலத்துப் பழைய தாள்கள், எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு என் மடியில் வைத்தாள். "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குது ஜெபா. யாரு, என்ன வேலைன்னு அழகா எடுத்து எழுதி வை." எழுதுவதற்கு முன்னால் படிக்க வேண்டுமே. வெள்ளைக்காரச் சாமியார்கள் எழுதினது, எறும்பு மசியில் விழுந்து ஓடின மாதிரி. எழுத்து பிடிபட்டாலும் அர்த்தம் பிடிபடவில்லை. மக்கர் என்றால் என்ன? டிராமர் என்றால்? டிம்பர்மேன்? நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள், எங்கள் பாடப் புத்தகத்தில் உழவன், தச்சன், குயவன்தான் இருந்தார்கள். யாரைக் கேட்டேன் தெரியுமா? யாரையும் கேட்கவில்லை. தண்ணீர் லாரிக்கு நிற்கிறபோது வரிசையில் நிற்கிற கிழவர்களின் உடம்பைப் பார்த்தேன். இடுப்பு நிமிராமல் குடத்தைத் தரையோடு தரையாக நகர்த்துகிறவரிடம், தாத்தா நீங்க மக்கரா என்றேன், எப்படிம்மா கண்டுபிடிச்சே என்றார். வெடி வைத்து விழுந்த பாறையைக் குனிந்தே வாரி வாரிப் போடுகிறவன் மக்கர். ஒரு தோள் இறங்கி இருந்தால் டிராமர், கல் நிரம்பின வண்டியைத் தோள் கொடுத்துத் தண்டவாளத்தில் தள்ளுகிறவன். கைவிரல் ஒன்றிரண்டு குறைந்தால் மரம் முட்டுக் கொடுக்கிறவன், டிம்பர்மேன். காது கேட்காமல் கத்திப் பேசிக்கொண்டு, ரெண்டு பேச்சுக்கு ஒரு இருமல் இருமி, ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறவன் டிரில்லர், பாறையில் மிஷின் வைத்துத் துளை போடுகிறவன். அந்தத் தூசி நெஞ்சில் போய்க் கல்லாக உட்கார்ந்துவிடும். எனக்கு ஒரே சந்தோஷம், குறுக்கெழுத்துப் போட்டியில் கட்டம் நிரம்புகிற மாதிரி. ராத்திரி உன் அப்பாவிடம், நம்ம லைன்ல நிக்கிறவங்களை வரிசையா நிக்க வெச்சா ஒரு சுரங்கமே நடத்தலாம் போலிருக்கே என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த மனுஷனுக்குச் சுரங்கம் என்றாலே வாய் மூடிக்கொள்ளும். உன் கொள்ளுத்தாத்தா மிக்கேலின் தாளில் வந்து மாட்டிக்கொள்வேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"மூணு பேரு போதும்," என்கிறார் ஹென்றி அண்ணன் அங்கே. நல்ல கணீர்க் குரல், கோயிலில் வாசகம் படிக்கிற குரல். "எங்க தாத்தா அருளப்பன், டிரில்லர். எங்கப்பா, வைண்டிங் டிரைவர், ஆளுங்களைக் கூண்டுல ஏத்தி இறக்கினவரு. பவுலினோட அம்மா ஞாபகத்துக்கு ஒரு பேரு. மிக்கேல் பேரைப் போட்டா அதைப் பாக்குறவன் கல்லைப் பாக்க மாட்டான், சிரிப்பான். நான் சொல்றது சரிதானே மாமா?" மாமா என்பது உன் தாத்தாவை. "பேரை மட்டும் போடலாங்க," என்கிறாள் அண்ணி, "வேலை வேணாம். வெறும் மிக்கேல்னு." "ஆம்பளைங்களுக்கெல்லாம் வேலை போட்டு இவருக்கு மட்டும் போடலேன்னா அதுதான் இன்னும் மோசம். என்ன வேலைன்னு போடுவே, திருட்டுன்னா?" மிக்சர் மெல்லுகிறார். எப்படி மெல்ல முடிகிறது? ஆராரோ, நீ தூங்கு, கையை வேகமாக ஆட்டிவிட்டேன், மன்னித்துக்கொள். உன் கொள்ளுத்தாத்தா மிக்கேலைப் பற்றி இந்த ஊரில் சொல்வது இதுதான். மேலே மில்லில் வேலை, கீழேயிருந்து வருகிற கல்லை அரைக்கிற இடம். மில்லு ஆளுக்குப் பூமிக்குள் இறங்க அனுமதி கிடையாது. இறங்குகிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பித்தளைப் பில்லை உண்டு, நம்பர் அடித்தது. இறங்கும்போது வாங்கிக்கொண்டு போய், ஏறினதும் திருப்பிப் பலகையில் மாட்ட வேண்டும். பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒருத்தன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஒருநாள் உள்ளே பாறை வெடித்துச் சரிந்தது. அருளப்பனின் ஆணி காலி. அருளப்பன் யார் என்றால் ஹென்றி அண்ணனின் தாத்தா, மிக்கேலுடைய பெண்டாட்டியின் அண்ணன், மிக்கேலுக்கு மச்சான். அருளப்பன் செத்துவிட்டான் என்று வீட்டில் அழுகை எழும்பினால், அருளப்பன் வீட்டுக்குள்ளேயே போர்வை போர்த்திக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். கல்லைத் தோண்டி எடுத்தால் உடம்பு மிக்கேலுடையது. மச்சான் பில்லையைத் திருடிக்கொண்டு, தங்கம் ஓடுகிற கல்லை ஒளித்து எடுத்துவர இறங்கினான், தெய்வம் அங்கேயே கேட்டது என்று கம்பெனி விசாரணையில் முடிவு செய்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி, பெண்டாட்டியும் மூணு வயசுப் பையனும் தெருவில் நின்றபோது அருளப்பன்தான் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டார். அந்த மூணு வயசுப் பையன்தான் உன் தாத்தா. இருதயநாதன் என்று பேர் வைத்தவர்கள் அந்தப் பேருக்கு ஏற்ற மாதிரி ஒரு நெஞ்சையும் வைத்தார்கள், எதைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கிற நெஞ்சு.

"எங்க தாத்தா மனசு யாருக்கு வரும்?" இதோ ஆரம்பித்துவிட்டார். "பில்லையைத் திருடினவன் புள்ளைன்னு பாக்காம சோறு போட்டு வளத்து, பெரிய பையனானதும் கைபுடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சுரங்கத்துல வேலை வாங்கிக் குடுத்து..." இதை நான் எத்தனை கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன். உன் ஞானஸ்நான விருந்தில்கூட, பிரியாணித் தட்டோடு நின்றுகொண்டு. கேட்கும்போதெல்லாம் உன் தாத்தா தலையை ஆட்டுவார், ஆமா, பெரிய மனசு, பெரிய மனசு. கல்லறைக்குப் போனாலும் முதல் மெழுகுவத்தி அருளப்பனுக்குத்தான், அப்புறம்தான் ஓரத்தில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிற மிக்கேலுக்கு, அதுவும் குனிந்த தலை நிமிராமல், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. தன் அப்பனுக்கு மெழுகுவத்தி வைக்கிறதுக்கு ஒரு மனுஷன் வெட்கப்படுகிறான் அமலி. எழுபது வயசு தாண்டின பிறகும். நான் பக்கத்தில் நின்று தீப்பெட்டியைப் பிடித்திருந்தேன், அவர் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் ரெண்டு குச்சி அணைந்தது. காற்று, என்றார். காற்று அடிக்கவில்லை.

சரி, தாளுக்கு வருகிறேன். தாளை நினைத்தால்தான் கோபம் ஒரு இடத்தில் நிற்கிறது, இல்லையென்றால் வீடெல்லாம் ஓடுகிறது. மிக்கேலுக்கு ரெண்டே தாள். உன் தாத்தாவின் ஞானஸ்நானத் தாள், தகப்பன் பேர் மிக்கேல், வேலை மில் கூலி. அடுத்தது மிக்கேலை அடக்கம் பண்ணின தாள், வேலை டிரில்லர். நான் மூணு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். டிரில்லர். மில்லில் கல் அரைக்கிறவனை எப்படி டிரில்லர் என்று எழுதுவார்கள்? நேற்று அண்ணியிடம் காட்டினேன், அவள் ஹென்றி அண்ணனிடம் காட்டினாள், அவர் கையைத் தட்டிச் சிரித்தார். "சாமியார் ஒயின் போட்டுட்டு எழுதியிருப்பாரு! நம்ம குடும்பத்துல டிரில்லர்னா எங்க தாத்தா ஒருத்தர்தான் தங்கச்சி. டிரில்லர்னா சும்மாவா? கீழே ராஜா மாதிரி. கூட நிக்கிற உதவியாள் மேட்டு, மக்கர் எல்லாம் அவனுக்குக் கைகட்டி நிப்பான். போற வர்றவனையெல்லாம் டிரில்லர்னு சொல்லிட முடியுமா?" நானும் கூடவே சிரித்தேன். சாமியார் ஒயின் என்றதற்குச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால் உன் தாத்தா எழுந்து வெளியே போகிறார், செருப்பு போடாமல், சுரங்கத்துக் கழிவைக் கொட்டின சயனைடு மண்மேட்டுப் பக்கமாக. டீ குடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு மண்டு நான். டீ அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது, அவர் மூக்குக்கு முன்னாலேயே.

அப்புறம் காலையில் பாத்திரம் தேய்க்கும்போது, சாம்பலும் கையுமாக, பெலவேந்திரன் தாத்தாவின் சாவு ஞாபகத்துக்கு வந்தது. ஏன் வந்தது? அந்தச் சட்டி அவர்கள் வீட்டுச் சட்டி, சாவுக்குக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினது, திருப்பிக் கொடுக்கவில்லை, அதனால். போன மாசம்தான், நீகூட என் இடுப்பில் இருந்தாய், கல்லறை மதிலுக்கு வெளியே நின்று பார்த்தோம். எங்கள் கிராமத்தில் இல்லாத வழக்கம் இது. கல்லறைக் கேட்டுக்கு முன்னால் பெட்டியை இறக்கி வைக்கிறார்கள். உள்ளே சாமியார் நிற்கிறார். ஆள் யாரு, வேலை என்ன என்று கேட்கிறார். பெற்ற பிள்ளை பதில் சொல்லக் கூடாது, கூடப்பிறந்தவன் சொல்லக் கூடாது. தூக்கி வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும், தூக்குகிறவர்கள் கூட வேலை பார்த்தவர்களாக இருக்க வேண்டும், ஒரே கேங். கீழே கூட நின்றவனுக்குத்தான் இவன் என்ன செய்தான் என்று தெரியும், வீட்டில் இருக்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்று ஆரம்பத்தில் யாரோ வைத்த வழக்கம். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகியும் விடவில்லை. ரயிலேறி பெங்களூருக்குப் போகிறவன் செத்தால் ரயில் சிநேகிதர்கள் தூக்கி வந்து, "செக்யூரிட்டி, சாமி!" என்று கத்துகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்து உன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பெலவேந்திரன் தாத்தாவைத் தூக்கினதில் ஹென்றி அண்ணனும் ஒருத்தர், கேங் கிழவர்களுக்குத் தோளில் தெம்பில்லை என்று இளவட்டங்களும் கை கொடுக்கிறார்கள். குரல் நல்ல குரல் என்று அவரையே சொல்லச் சொன்னார்கள். "பெலவேந்திரன், டிரில்லர்!" என்று கணீரென்று சொன்னார். உடனே பின்னால் நின்ற ஒரு கிழவர் இருமிக்கொண்டே, "இல்ல சாமி, மேட்டு. டிரில்லர் இல்ல, டிரில்லர் மேட்டு," என்றார். பெலவேந்திரன் பெண்டாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது, செத்தவரை ஒரு படி ஏத்திச் சொன்னா உனக்கென்னய்யா குறைஞ்சு போச்சு என்று அங்கேயே கேட்டாள். கிழவர் அசையவில்லை. "இருந்ததைத்தாம்மா சொல்லணும் இங்க." ஹென்றி அண்ணன் திருத்திச் சொன்னார், சாமியார் திருத்தி எழுதினார். நான் வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

அப்படியென்றால் மிக்கேலைத் தூக்கி வந்து கேட்டில் இறக்கி வைத்தது யார்? அடக்கத் தாளில் அன்றைக்கு அவரோடு சேர்த்து நாலு பேர், எல்லாம் ஒரே சரிவில் செத்தவர்கள், ஒரே கேங். மிச்சமிருந்த கேங்தான் தூக்கி வந்திருக்கும். சாமியார் கேட்டிருப்பார், வேலை என்ன. கேங் சொல்லியிருக்கிறது, டிரில்லர் என்று. மேட்டு என்றுகூடச் சொல்லவில்லை. பிணத்துக்கு ஒரு படி ஏற்றிக் கொடுக்காத ஆட்கள். திருட்டுத்தனமாக ஒரு நாள் இறங்கி வந்து மூலையில் கல் பொறுக்கினவனை டிரில்லர் என்பார்களா? மிஷினைப் பிடித்திருக்கிறான் அமலி. ஒருநாள் இல்லை, பல நாள், கேங் கண்ணுக்கு முன்னாலேயே, கேங் ஒத்துக்கொள்கிற மாதிரி பிடித்திருக்கிறான். யாருடைய மிஷினை? அருளப்பனுடைய மிஷினை. அருளப்பன் ஏன் பிடிக்கவில்லை? வீட்டில் போர்வை போர்த்திக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அடக்கத் தாளில் இருக்கிற மாசம் நல்ல வெயில் காலம், அப்புறம் ஏன் போர்வை? இருமல். நெஞ்சில் கல். படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார் எங்க தாத்தா என்று ஹென்றி அண்ணன் பெருமையாகச் சொல்வாரே. வேலைக்கு வராவிட்டால் வீடு போய்விடும், கம்பெனி வீடு. அதனால் பில்லையைக் கொடுத்திருக்கிறார், மச்சான், நீ எனக்குப் பதிலா கொஞ்ச நாள் இறங்கு, உடம்பு தேறட்டும் என்று. தங்கச்சி புருஷன், இளவயசு, மறுக்க முடியுமா? மில்லில் ஒரு ஷிப்டு முடித்துவிட்டு, மூஞ்சியில் ஒட்டின கல்மாவைக் கழுவாமல், அடுத்த ஷிப்டுக்குக் கீழே. ஆள்மாறாட்டம் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் ரெண்டு குடும்பமும் தெருவுக்கு வரும், கேங்கும் தெருவுக்கு வரும். அடக்கம் அன்றைக்கு முடிந்துவிட்டது. விசாரணை மறுநாள். கேட்டில் உண்மையைச் சொன்ன அதே வாய்கள் மறுநாள் ஆபீசில் எங்களுக்கு ஒண்ணும் தெரியாது என்றன. அருளப்பன் சொன்னார், என் பில்லையைக் காணோம், திருட்டுப் போச்சு என்று. செத்தவனிடம் நிஜம், சம்பளம் கொடுக்கிறவனிடம் பொய். அந்த ஒரு வார்த்தையில் ஒரு வீடு தப்பித்தது, இன்னொரு வீட்டுக்குத் திருடன் வீடு என்று பேர் வந்தது, அந்தப் பேரில்தான் நான் குடம் வைத்து நிற்கிறேன்.

அப்புறம் வளர்த்தாராம். பெரிய மனசாம். மிக்கேலின் பெண்டாட்டி சலேத்து, அந்தப் பொம்பளையை நினைத்துப் பார். அவளுக்குத் தெரியாதா? ரெண்டு ஷிப்டுக்கும் சோறு கட்டிக் கொடுத்தவள் அவள்தானே. தன் புருஷன் திருடனில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணனுக்கு வேலை போகும், அண்ணன் வேலை போனால் பிள்ளைக்குச் சோறு போகும். வாயைத் திறக்காமல், அண்ணன் அடுப்படியில், அண்ணன் பெண்டாட்டி போட்டதைத் தின்றுகொண்டு, பிள்ளையைத் திருடன் மகன் என்று தெருவில் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு எத்தனை வருஷம் இருந்தாளோ. அவள் தூளி ஆட்டும்போது என்ன பாட்டுப் பாடியிருப்பாள்? நான் ஒரு மத்தியானத்துக்கே வெடிக்கிறேன். கம்பெனி என்ன, மூடிவிட்டுப் போய்விட்டது, அதன் மேல் கோபப்பட்டு நான் யாரிடம் போய்க் கத்துவேன், மண்மேட்டிடமா? கேங் முழுக்க செத்தாயிற்று. அருளப்பன் செத்தாயிற்று, முதல் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு. மிச்சம் இருப்பது ஹென்றி அண்ணன் ஒருத்தர், அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமலேயே மிக்சர் மெல்லுகிறார். அவர் கெட்டவரில்லை, உனக்குக் காய்ச்சல் வந்தபோது ராவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றவர். அதுதான் இன்னும் எரிகிறது. கெட்டவராக இருந்தால் சுலபமாகத் திட்டலாம்.

ஆனால் சொல்லிவிட்டால்? உன் தாத்தாவுக்கு அருளப்பன் மாமாதான் அப்பன். தோளில் தூக்கித் திருவிழாவுக்குக் கொண்டு போனவர், காது குத்தினவர், வேலை வாங்கித் தந்தவர். அந்த ஒரு ஆளையும் நான் பிடுங்கிக்கொண்டால் இந்தக் கிழவருக்கு மிச்சம் யார்? ஒரு அப்பனைக் கொடுக்கிறேன் என்று போய் இன்னொரு அப்பனைப் பிடுங்குவதா? அண்ணி அந்த வீட்டு மருமகள், அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? பத்தாவது படித்தவள் சட்டி தேய்க்கும்போது கண்டுபிடித்தாளாம் என்பார்கள். இருக்கட்டும், சும்மா இரு ஜெபா, ஆட்டு, தூளியை ஆட்டு. அவர் எழுந்து போனாரே நேற்று. அதைச் சொன்னேன் இல்லையா? டிரில்லர் என்ற வார்த்தையைக் கேட்டதும் செருப்பில்லாமல் போனாரே. அவர் சுரங்கத்தில் இருபத்தைந்து வருஷம் டிராமர், கேட்டில் எத்தனை பேரை இறக்கி வைத்திருப்பார். எனக்கு ஒரு சட்டி தேய்க்கிற நேரத்தில் புரிந்தது அவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்? அப்படியானால் நேற்றிலிருந்து அவருக்குத் தெரியும். இல்லை, நேற்றுத்தானா? அவர் அம்மா சலேத்து சாகும்போது சொல்லியிருப்பாளோ? தெரிந்துகொண்டே தலையை ஆட்டினாரா, பெரிய மனசு, பெரிய மனசு என்று? கடவுளே, இவர் மேலும் எனக்குக் கோபம் வருகிறதே, இந்தக் கிழவர் மேல், மூணு வயசில் தெருவில் நின்ற பிள்ளை மேல். வாயைத் திறங்களேன் மாமா. உங்க அப்பா. உங்க அப்பா பேரு.

"அப்ப முடிஞ்சுது," என்கிறார் ஹென்றி அண்ணன். "மூணு பேருதான். கல்லுக்காரன் சாயங்காலத்துக்குள்ள பேரு வேணும்னான். ரெஜிஸ், நம்பரைப் போடு." உன் அப்பா கடலை உடைப்பதை நிறுத்தினார். பட்டன் அமுக்குகிற சத்தம் கேட்கிறது, பீப், பீப். ஒவ்வொரு பீப்பும் என் பல்லில் அடிக்கிறது. தூளி நின்றிருக்கிறது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நீ அழவில்லை. வாயைத் திறந்து, கட்டைவிரலை மறந்து, நிஜமாகவே தூங்குகிறாய். அப்படியென்றால் பூட்டும் இல்லை. நான் விசிறி அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரைத்துணியைத் தள்ளி முன்னறைக்குப் போய் நின்றேன், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அண்ணி வழக்கம்போல, என்ன தங்கம் தூங்கிட்டாளா என்று சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. சிரிக்காத என் முகத்தை அவர்கள் பார்த்ததே கிடையாது, அதனாலேயே பயந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். "போனை வைங்க," என்றேன் உன் அப்பாவிடம். "ஹென்றி அண்ணா, ஒண்ணு கேக்கறேன். பெலவேந்திரன் தாத்தாவைக் கேட்டுல இறக்கினப்ப நீங்க டிரில்லர்னு சொன்னீங்க. மேட்டுன்னு திருத்தினாங்க. ஞாபகம் இருக்குதா?" "இருக்குது தங்கச்சி, அதுக்கென்ன இப்ப?" "மிக்கேல் தாத்தாவுக்கு டிரில்லர்னு எழுதியிருக்குது. அதைக் கேட்டுல சொன்னது யாரு? ஏன் ஒருத்தரும் திருத்தலே?" ஹென்றி அண்ணன் வாயைத் திறந்தார். மிக்சர் கை பாதியில் நின்றது. "அது சாமியாரு..." என்று ஆரம்பித்தார். "சாமியார் கேக்கறவரு. சொல்றவரு இல்லே," என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "கேங் டிரில்லர்னு சொல்லணும்னா அவரு மிஷின் பிடிச்சிருக்கணும். நம்ம குடும்பத்துல டிரில்லர் ஒருத்தர்தான்னு நீங்களே சொன்னீங்க. அந்த மிஷினுக்குச் சொந்தக்காரரு அப்ப வீட்டுல போர்வை போத்திக்கிட்டு இருந்தாரு. திருடினவனைப் பக்கத்துல நிக்க வெச்சு வேலை வாங்குவாங்களா அண்ணா?" அவ்வளவுதான் சொன்னேன். பில்லையைக் கொடுத்தது யார், காணோம் என்று சொன்னது யார் என்பதையெல்லாம் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. அவர் எத்தனையோ பேரைத் தூக்கினவர், அவர் முகத்தில் அது ஒவ்வொரு படியாக இறங்குவதை நான் பார்த்தேன், இறங்க இறங்க என் கோபம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. அண்ணி, "நைனா?" என்றாள், உன் தாத்தாவைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி. "நைனா, இவ இன்னா சொல்றா?"

உன் தாத்தா முழங்காலைத் தடவுவதை நிறுத்தியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்க்கவில்லை. ஹென்றி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார், கோபமாக இல்லை, ரொம்ப தூரத்தில் வருகிற ஆளை யார் என்று பார்க்கிற மாதிரி. ஹென்றி அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, எனக்குத் தெரியாது மாமா, சத்தியமா," என்றார், அந்தக் கணீர்க் குரலைக் காணோம். உன் தாத்தா தலையை ஆட்டினார், தெரியும் என்கிற மாதிரியா, போதும் என்கிற மாதிரியா, எனக்குப் பிடிபடவில்லை. எல்லாருடைய உடம்பையும் படித்த எனக்கு அவருடையதை மட்டும் படிக்க முடியவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார். நிற்கும்போது அந்த இறங்கின தோளை நிமிர்த்தப் பார்த்தார், முடியவில்லை, அப்படியே நின்றார்.

"எங்கப்பாவைக் கேட்டுல இறக்கி வெச்சப்ப நான் அங்க இல்லே ஹென்றி," என்றார். "குழந்தைன்னு கூட்டிட்டுப் போகலே. என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கலே. உனக்கு நல்ல தொண்டை. ஊர்ல எத்தினியோ பேருக்குச் சொல்லியிருக்கே. அவரு பேரையும் வேலையையும் ஒரு தரம் எனக்குச் சத்தமா சொல்லுப்பா."